ஏழு நாள் கம்பு பார்த்த பிறகே விற்பனை

நான் என்ன வியாபாரம் செய்கிறேன் என்று இரண்டு பக்கத்தில் எழுதித் தரச் சொன்னார்கள். கேட்டது சென்னையில் இருக்கிற ஒரு கம்பெனி. அவர்களிடம்தான் நான் பல வருஷமாகக் கேன் வாங்கி விற்கிறேன். இத்தனை வருஷம் வாங்கியவளிடம் ‘உங்கள் தொழில் என்ன, கணக்கை எந்த முறையில் எழுதுகிறீர்கள்’ என்று கடிதம் போட்டால் எரிச்சல் வருமா வராதா? எனக்கு வந்தது. கசக்கி எறிந்தேன். பிறகு நானே எடுத்து மேசையில் வைத்து நீவினேன். கடைசிப் பத்தியில் ஏஜென்சி என்ற சொல் இருந்தது.

போடி, கம்பம், மேலே ஏலமலை எஸ்டேட்டுகள் எல்லாவற்றுக்கும் ஒரே ஏஜென்சி. எனக்குக் கிடைத்தால் நேரடி விலை, உதிரிச் சாமான், பழுது பார்க்கிற பயிற்சி எல்லாம் என் கடைக்கு வரும். கிடைக்காவிட்டால் மதுரையிலிருந்து வேறு ஒருவர் வருவார். நான் அவரிடம் போய் நின்று வாங்கி விற்க வேண்டும். என் ஊரில், என் வாடிக்கைக்காரர்களுக்கு, இன்னொருவர் தயவில். அதை நினைத்தாலே எனக்கு ஆகாது.

நிபந்தனை இரண்டு. ஒன்று, அந்த இரண்டு பக்கம். இன்னொன்று, மார்ச் முடிவதற்குள் அந்த வருஷத்தில் பன்னிரண்டு பெரிய கேன் விற்றிருக்க வேண்டும். நான் பத்து விற்றிருந்தேன்.

கேன் என்றால் தண்ணீர்க் கேன் என்று நினைக்கிறவர்கள் இன்றைக்கும் கடைக்கு வருகிறார்கள். இது அலுமினியக் கேன். இரண்டு சுவர், நடுவில் காற்றே இல்லாத வெற்றிடம். உள்ளே திரவ நைட்ரஜன். தொட்டால் விரல் போய்விடும், அவ்வளவு குளிர். மாட்டுக்குச் சினை ஊசி போடுகிறார்களே, அந்த விந்துக் குச்சிகளை அதற்குள் முக்கி வைத்தால் வருஷக் கணக்கில் உயிரோடு இருக்கும். கால்நடை டாக்டர்கள், பால் பண்ணைகள், மேலே மாடு வளர்க்கிற எஸ்டேட்டுகள்தான் என்னிடம் வாங்குவது. அது போகத் தடுப்பூசி கொண்டு போகிற பெட்டி, ரத்தப் பை கொண்டு போகிற பெட்டி. சுருக்கமாகச் சொன்னால், உயிர் உள்ள சரக்கைக் கெடாமல் வைக்கிற சாமான் விற்கிறேன். இதற்கு எதற்கு இரண்டு பக்கம்?

எங்கள் வீடு ஏலக்காய் வீடு. அத்தா காலத்திலிருந்து ஏலக்காய்தான். அண்ணன் இன்னும் அதைத்தான் செய்கிறார். என் கடைக்குப் பின்னாலேயே அவர் குடோன். நான் கேன் வியாபாரத்துக்கு வந்த நாளிலிருந்து அவருக்கு ஒரே கேலி.

“ஊரே காய் விக்குது. என் தங்கச்சி மட்டும் காத்த விக்கிறா” என்பார், வருகிற வியாபாரிகளிடம் எல்லாம்.

அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. நைட்ரஜன் நிற்காது. எவ்வளவு நல்ல கேனில் ஊற்றினாலும் தினமும் கொஞ்சம் ஆவியாகிப் போய்க்கொண்டே இருக்கும். மதுரையிலிருந்து வண்டியில் வருகிற நைட்ரஜனில் நான் விற்கிறது ஒரு பங்கு, வானத்துக்குப் போகிறது ஒரு பங்கு. இதை முதல் வருஷம் ஆடிட்டரிடம் சொன்னபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அவர் அண்ணனுக்கும் ஆடிட்டர்தான். என்னை அக்கா என்று கூப்பிடுவார்.

“வாங்குனது இருக்கு, வித்தது இருக்கு. மிச்சம் எங்கக்கா?”

“போயிருச்சு.”

“எங்க போயிருச்சு?”

“மேல.”

“டேக்ஸ் ஆபீசர் கேட்டா என்னன்னு சொல்றது?”

“அவர வந்து மூடியத் தெறந்து பாக்கச் சொல்லுங்க. அவரு பாக்குறப்பவும் போயிட்டுத்தான் இருக்கும்.”

அதற்காகத்தான் கம்பு. கறுப்புப் பூசிய மெல்லிய மரக்கம்பு, அளவுக்கோடு போட்டது. கேனுக்குள் அடிவரை விட்டு, கொஞ்ச நேரம் வைத்து, வெளியே எடுத்து இரண்டு வீசு வீசினால் நைட்ரஜனில் முங்கின உயரம் வரைக்கும் வெள்ளையாகப் பனி பிடிக்கும். அந்தக் கோடு எங்கே நிற்கிறதோ அதுதான் இருப்பு. தினம் காலையில் கடை திறந்ததும் எல்லாக் கேனிலும் கம்பு விட்டு நோட்டில் எழுதுவேன். ஆவியாய்ப் போனது அன்றன்றைக்குச் செலவு. வருஷக் கடைசியில் போய்த் தேடுகிற கதையே இல்லை.

விற்பனைக்கும் கம்புதான். முதல் வருஷம் ஒரு கால்நடை டாக்டருக்குக் கேன் கொடுத்தேன். பில் போட்டேன், விற்றது என்று எழுதினேன், மறந்துவிட்டேன். கேனில் வெற்றிடம் சரியில்லை. நைட்ரஜன் வெரசாகக் காய்ந்துபோய் உள்ளே இருந்த குச்சி அத்தனையும் செத்துவிட்டது. அது தெரியாமல் அவர் இருபது வீட்டு மாட்டுக்கு ஊசி போட்டிருக்கிறார். ஒன்றும் சினை பிடிக்கவில்லை. சிலமலையிலிருந்து ஒரு அம்மா என் கடை வாசலில் வந்து நின்று கேட்ட கேள்வி இன்னும் காதில் இருக்கிறது. அன்றிலிருந்து ஒரு சட்டம் வைத்துக்கொண்டேன். கேன் போய்ச் சேர்ந்து, நைட்ரஜன் ஊற்றி, ஏழு நாள் தினமும் கம்பு பார்த்துப் போட்டோ அனுப்ப வேண்டும். ஏழு நாளும் கோடு சரியாக இறங்கினால்தான் அது விற்பனை. அதுவரைக்கும் அது என் கேன், அவர்கள் மாட்டுத் தொழுவத்தில் நிற்கிறது, அவ்வளவுதான்.

ஆடிட்டருக்கு இது பிடிக்காது. “ஊர்ல எவனும் இப்பிடி எழுதலக்கா” என்பார். ஊரில் எவனும் கேன் விற்கவில்லை என்பேன்.

இப்போது அந்த மார்ச். மாசம் முடிய நாலு நாள் இருக்கும்போது மேலே ஒரு எஸ்டேட்டிலிருந்து போன் வந்தது. புதிதாக மாட்டுப் பண்ணை வைக்கிறார்கள், இரண்டு பெரிய கேன் வேண்டும். பத்தும் இரண்டும் பன்னிரண்டு. நான் சந்தோஷத்தில் அன்றைக்கு யாரையும் திட்டவில்லை.

கேன் இரண்டையும் காலியாகத்தான் அனுப்பினோம். நைட்ரஜன் தனியாகப் போகும். போடிமெட்டு வளைவுகளில் ஜீப்பு குலுங்குகிற குலுக்கலில் மூடி கழன்று உருளும் என்று அண்ணன் குடோனிலிருந்து பிரவுன் டேப்பு வாங்கி, மூடியைச் சுற்றி நாலு சுற்று நானே ஒட்டினேன். போடியிலிருந்து வெளியே போகிற எந்தச் சாமானும் டேப்பு ஒட்டாமல் போகாது. ஏலக்காய்க்குக் காற்றுப் பட்டால் நிறம் போகும், மணம் போகும். அதனால் பாலித்தீன், அதற்கு மேல் பெட்டி, அதற்கு மேல் டேப்பு. சின்ன வயசிலிருந்து பார்த்துப் பார்த்து எங்கள் கை தானாக ஒட்டும்.

ஆனால் நைட்ரஜன் கேனை மட்டும் ஒருபோதும் ஒட்டக்கூடாது. அதன் மூடியே சும்மா உள்ளே செருகியிருக்கிற தக்கைதான். ஆவி வெளியே போக வழி வேண்டும். வழியை அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டே போய் ஒரு நேரத்தில் வெடிக்கும். இது எனக்குத் தெரியும். தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். மேலே வாங்குகிறவருக்குச் சொன்னேனா? எப்போதும் சொல்வேன். அன்றைக்குச் சொன்னேனா என்று எனக்கு ஞாபகமில்லை. பன்னிரண்டு, பன்னிரண்டு என்று தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் ஆடிட்டர் லேப்டாப்போடு வந்து உட்கார்ந்தார்.

“பில்லு மார்ச்சுல போட்டாச்சு. சரக்கு கெளம்பிருச்சு. பன்னெண்டுன்னு போடவாக்கா?”

“ஏழு நாள் ஆகலையே.”

“ஏழு நாளு ஏப்ரல்ல வரும். அப்ப ஏப்ரல் கணக்காயிரும். ஏஜென்சிய நீங்களே தூக்கி மதுரைக்காரன் கையில குடுங்க. எனக்கென்ன.”

நான் அந்தக் கடிதத்தின் கடைசிப் பத்தியை இன்னொரு தடவை படித்தேன். பிறகு, “சரி, போடுங்க” என்றேன்.

அவர் அடித்தார். ‘சரக்கு கடையை விட்டுக் கிளம்பியதும் விற்பனை’ என்று அழகான வாசகம். வாடிக்கையாளர் திருப்தி, தரம், வளர்ச்சி என்று வேறு என்னென்னமோ எழுதியிருந்தார். படித்தபோது அது யார் கடை என்றே எனக்குத் தெரியவில்லை. ஏப்ரல் முதல் வாரத்தில் அனுப்பலாம் என்று வைத்தோம்.

எஸ்டேட்டிலிருந்து முதல் இரண்டு நாள் கம்பு போட்டோ வந்தது. கோடு நன்றாக இருந்தது. மூன்றாம் நாள் வரவில்லை, நாலாம் நாளும் இல்லை. அங்கே கோயில் திருவிழா என்று முன்பே சொல்லியிருந்தார்கள். ஐந்தாம் நாள் காலையில் போன். பண்ணையைப் பார்த்துக்கொள்கிற சூப்பர்வைசர். தேவாரத்துப் பக்கத்து ஆள், மலையில் இருந்து இருந்து பாதிப் பேச்சு மலையாளமாகிவிட்டது.

“சேச்சி, ஒரு கேனு வெடிச்சிருச்சு. மூடி போய்க் கூரையில அடிச்சு, எல்லாரும் பேடிச்சுப் போனோம். மாடெல்லாம் கயித்த அத்துக்கிட்டு நிக்கிது.”

“யாருக்கும் அடி பட்டுச்சா?”

“இல்ல சேச்சி. தொழுவத்துல ஆளில்ல.”

“இன்னொரு கேனு?”

“அது நல்லா இருக்கு. நல்லாக் கெட்டி வச்சிருக்கோம்.”

நல்லாக் கெட்டி வச்சிருக்கோம். கெட்டி என்றால் அவர் பேச்சில் கட்டி. “ஒருத்தரும் உள்ள போகாதீங்க. கிட்ட போகாதீங்க. நான் வர்றேன்” என்று சொல்லி ஜீப்பைப் பிடித்தேன். மெட்டு ஏறுகிற வரைக்கும் டிரைவரை விரட்டிக்கொண்டே போனேன். “அக்கா, இதுக்கு மேல மிதிச்சா நாமதான் வெடிப்போம்” என்றார் அவர்.

போனால், தொழுவத்துக்கு வெளியே திருவிழாப் புதுச்சட்டையோடு பத்துப் பேர் நிற்கிறார்கள். கூரைத் தகரத்தில் உள்ளங்கை அளவுக்கு ஒரு மேடு. வெடித்த கேனின் தக்கை புல்லுக்கட்டில் கிடந்தது. பக்கத்தில் இரண்டாவது கேன். அதன் வாயில் பாலித்தீன், அதற்கு மேல் மூடி, மூடியைச் சுற்றி டேப்பு, டேப்புக்கு மேல் சணல். ஒரு ஏலக்காய்ப் பெட்டியை இதைவிட நன்றாகக் கட்ட முடியாது.

கதவு ஜன்னல் எல்லாவற்றையும் திறக்கச் சொன்னேன். எல்லாரையும் தள்ளி நிற்கச் சொன்னேன். முருங்கை பறிக்கிற, நுனியில் கத்தி கட்டிய துரட்டி ஒன்று சுவரில் சாய்த்திருந்தது. அதை எடுத்துக்கொண்டு இடுப்புயரச் சுவருக்கு இந்தப் பக்கம் குனிந்து, துரட்டியை நீட்டி, முதலில் சணலை அறுத்தேன். பிறகு டேப்பில் வைத்து இழுத்தேன். சீறிக்கொண்டு வெள்ளைப் புகை கூரை வரை போனது. மூடி ஒரு முழம் எம்பிப் பக்கத்தில் விழுந்தது. அவ்வளவுதான். புகை தரையில் இறங்கிக் கலைந்ததும் எனக்கு மூச்சு வந்தது. மூச்சு வந்ததும் கோபமும் வந்தது.

“எந்த மடையன் இப்பிடிக் கட்டுனது?”

“நான்தான் சேச்சி. ரெண்டு நாள் ஆளிருக்க மாட்டாங்க, காத்துப் போயிரும்னு.”

“மூடிய ஒட்டுவாங்களாய்யா? ஒட்டலாமாய்யா அத?”

அவர் என்னைப் பார்த்தார். கோபமாகக்கூட இல்லை. “நீங்க ஒட்டித்தான சேச்சி அனுப்புனீங்க? வந்தப்ப எப்பிடி இருந்துச்சோ அப்பிடித்தான் தெனமும் தெறந்து தெறந்து ஒட்டுனோம். திருவிழான்னு கொஞ்சம் கூடுதலா ஒட்டுனோம்.”

நான் போனை எடுத்து அவர்கள் அனுப்பிய இரண்டு போட்டோவையும் பார்த்தேன். கம்பில் வெள்ளைக் கோடு. பின்னால், கேன் கழுத்தில், பிய்த்த பிரவுன் டேப்பு தொங்குகிறது. இரண்டிலும். நான் பார்த்தது கோட்டை மட்டும். திட்டுவதற்கு வாயில் வைத்திருந்ததை எல்லாம் முழுங்கினேன். எனக்கு அது பழக்கமில்லாத வேலை.

வெடித்த கேனைத் தொட்டுப் பார்த்தேன். வெளிப்பக்கம் முழுவதும் முத்து முத்தாக வியர்த்திருந்தது. கேன் வெளியே வியர்த்தால் வெற்றிடம் போய்விட்டது என்று அர்த்தம். அது செத்த கேன். ஆனால் அடியில் இன்னும் நைட்ரஜன் கிடந்தது, குச்சிகள் முங்கித்தான் இருந்தன. நானும் சூப்பர்வைசருமாக குச்சிகள் அடுக்கிய குவளைகளை ஒவ்வொன்றாக எடுத்து இரண்டாவது கேனுக்குள் இறக்கினோம். ஒரு குச்சி கெடவில்லை. முடித்ததும் அவர் வீட்டம்மா கட்டன்சாயா கொண்டு வந்து கொடுத்தார்கள். திருவிழா முறுக்கும் வந்தது. வெளியே நல்ல வெயில், மாடுகள் அடங்கிப் புல் தின்றுகொண்டிருந்தன. அன்றைக்கு மலையில் குடித்த அந்தச் சாயா மாதிரி நான் எங்கேயும் குடித்ததில்லை. யார் மண்டையிலும் அந்தத் தக்கை அடித்திருக்கவில்லை. அதுதான் காரணம்.

செத்த கேனை ஜீப்பில் போட்டுக் கீழே கொண்டு வந்தேன். அண்ணன் குடோன் வாசலிலேயே நின்றார்.

“என்ன, காத்து திரும்பி வந்துருச்சா?”

“உங்க டேப்புதாண்ணே வேலையக் காட்டிருச்சு.”

விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. “ஒட்டாம அனுப்புனா நம்ம கைக்குத் தூக்கம் வராதே” என்று மட்டும் சொன்னார்.

ஆடிட்டர் விடவில்லை. “பாலித்தீனப் போட்டுச் சணலக் கட்டுனது அவங்க. அவங்க தப்பு. வாரண்டி கெடையாது. பில்லு அப்பிடியே நிக்கும்க்கா.”

“டேப்பு என்னோடது.”

“டேப்ப யாரு கேக்கப் போறா?”

“நீங்க கேக்கல, அந்த சூப்பர்வைசரு கேட்டுட்டாரு. எழுதுனத அழிங்க. பத்துன்னு போடுங்க.”

“ஒண்ணாவது நல்லா இருக்குல்ல? அதையாவது...”

“அதுக்கு இன்னும் ஏழு நாள் ஆகல. பதினொண்ணு போட்டா மட்டும் ஏஜென்சி வந்துருமா?”

அவர் லேப்டாப்பை மூடிவிட்டார். நான் நோட்டை எடுத்து நானே எழுதினேன். தமிழில்தான். என் தொழில் இது, இன்னார் வாங்குகிறார்கள். நைட்ரஜன் தினமும் ஆவியாகும், கம்பு வைத்து அளந்து அன்றே செலவு எழுதுகிறேன். கையிருப்புக் கேனில் அடிபட்டது இருந்தால் வாங்கின விலைக்கு எழுத மாட்டேன், என்ன விலைக்குப் போகுமோ அதுதான். ஏழு நாள் கம்பு பார்த்த பிறகே விற்பனை. மார்ச்சில் இரண்டு கேன் அனுப்பினேன், அவை இந்த வருஷக் கணக்கில் இல்லை. ஒன்று என் தவறால் வெடித்தது, என்ன தவறு என்றால் இது. அதன் நஷ்டம் என்னுடையது. ஒன்றரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது. மீதி அரைப் பக்கத்துக்கு எழுத ஒன்றுமில்லை, அப்படியே விட்டேன். தபாலில் போட்டுவிட்டு வந்து மூன்று நாள் எல்லார் மேலும் எரிந்து விழுந்தேன். நல்ல பிள்ளையாக எழுதிவிட்டதால் மனசு லேசாகிவிட்டது என்றெல்லாம் பொய் சொல்ல மாட்டேன். ஏஜென்சி போகிறதே என்று வயிறு எரிந்தது.

இரண்டு வாரம் கழித்துச் சென்னையிலிருந்து ஒரு அம்மா கூப்பிட்டார். கணக்குப் பிரிவாம்.

“மேடம், பத்துன்னு போட்டிருக்கீங்க. எங்ககிட்ட நீங்க பன்னிரண்டு வாங்கியிருக்கீங்களே?”

“வாங்குறது வேற, விக்கிறது வேறம்மா.”

“பன்னிரண்டுதான் மினிமம்னு லெட்டர்ல இருந்துச்சு. பார்த்தீங்களா?”

“படிச்சுட்டுத்தான் எழுதுனேன். எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது.”

அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்டது. “இல்ல மேடம், மத்த ஊர்ல எல்லாம் மார்ச்சுல வித்த கேன் மே மாசம் திரும்பி வருது. அதனாலதான் இந்த ரெண்டு பக்கமே கேட்டோம். அந்தக் கம்பு விஷயம் புரியல, கொஞ்சம் சொல்லுங்க.”

சொன்னேன். அரை மணி நேரம் சொன்னேன். கடைசியில் என்ன ஆனது என்றால், முழு ஏஜென்சி கிடைக்கவில்லை. எண்ணிக்கை குறைவுதான், அதை மாற்ற முடியாது என்றார்கள். கம்பத்தை மதுரைக்காரருக்குக் கொடுத்தார்கள். போடியும் மலையும் எனக்கு, ஒரு வருஷத்துக்கு, பார்க்கலாம் என்று. பாதிதான். கம்பம் போனதில் எனக்கு இன்னும் கடுப்புத்தான். ஆனால் மலை என்னிடம் இருக்கிறது, நான் யாரிடமும் போய் நிற்கவில்லை.

எஸ்டேட்டுக்கு, வெடித்ததற்குப் பதிலாக வேறு கேன் அனுப்பினேன். இரண்டாவது கேனில் ஏழு நாளும் கோடு பிசகாமல் இறங்கியது. ஏப்ரல் நோட்டில் முதல் வரி அதுதான். இப்போது கேன் அனுப்பும்போது மூடியைக் கேனில் வைப்பதே இல்லை. தனியாக ஒரு துணிப்பையில் போட்டுக் கைப்பிடியில் கட்டிவிடுகிறேன். கேன் வாயில் ஒரு பழைய துண்டு. துண்டை எவனும் டேப்பு போட்டு ஒட்ட மாட்டான். போட்டோ வந்தால் கோட்டைப் பார்ப்பதற்கு முன்னால் கேன் கழுத்தைப் பார்க்கிறேன்.

செத்த கேன் கடை வாசலில் நிற்கிறது. அதில் கம்புகளைப் போட்டு வைத்திருக்கிறேன். மழைக்காலத்தில் அண்ணன் வந்து கேட்காமல் அவர் குடையையும் அதில் செருகிவிட்டுப் போகிறார். தினம் காலையில் குடையைத் தள்ளிவிட்டுத்தான் கம்பை எடுக்க வேண்டியிருக்கிறது. தினமும் திட்டுகிறேன். அவர் எடுத்தபாடில்லை.